இளைத்துப்போன பஸ்

அவினாசியிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகும் பஸ் கருமத்தம்பட்டியில் இரண்டு இடங்களில் நிற்கும். ஒன்று, ஆட்கள் ஏறுவதற்காகக் கடைவீதியில். இன்னொன்று, தண்ணீர் குடிப்பதற்காகத் தெய்வாத்தாள் வீட்டு முன்னால்.

குடிப்பது ஆட்கள் இல்லை. பஸ்!

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். பஸ்ஸின் பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிட ஒரு படுதா உண்டு. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, மாவாட்டுவதுபோலச் சுற்றினால்தான் எஞ்சின் உறுமும். கொஞ்ச தூரம் ஓடியதும் கொதிக்க ஆரம்பித்துவிடும். அதைக் குளிரவைக்க, மூக்குக்கு மேல் ஒரு பித்தளைத் தொட்டி இருந்தது. ரேடியேட்டர் என்று அதற்குப் பெயர். மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பஸ் தெம்பாகக் கிளம்பிவிடும்.

குடம் தூக்கி வருவது தெய்வாத்தாளின் வேலை. யாரும் அவளுக்குக் கொடுத்த வேலை அல்ல. பத்து வயதில் அவளாகவே எடுத்துக்கொண்டது. ஆறு வயதுத் தம்பி திருமூர்த்தி ஒரு சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான். பாதித் தண்ணீர் அவன் கால்சட்டையில் இருக்கும்.

டிரைவர் வெங்கடபதிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுவார், ரோட்டில் தமிழ் பேசுவார், எஞ்சின் தகராறு செய்தால் இரண்டிலும் பேசுவார்.

ஒரு நாள் அவர் எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்திருந்தபோது தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதானுங்க நடக்குது?"

"உள்ள வெடிக்குது, வெளிய ஓடுது. அவ்வளவுதான் அம்மணி."

"வெடிச்சா எப்படீங்க ஓடும்? பட்டாசு வெடிச்சாத் துண்டு துண்டாத்தான போகுது?"

வெங்கடபதி தலையைச் சொறிந்தார். இதுவரை யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"உள்ள ஒரு குழாய் இருக்குது. அதுக்குள்ள பிஸ்டன்னு ஒரு இரும்புக் கட்டை மேலயும் கீழயும் போய்ட்டு வரும். கீழ எறங்கறப்போ பெட்ரோலையும் காத்தையும் உள்ள இழுக்கும். மேல ஏறறப்போ ரெண்டையும் சேத்து அமுக்கும். நல்லா அமுக்கின நேரம் பாத்து ஒரு பொறி விழும். டப்புனு வெடிக்கும். வெடிச்ச வேகத்துல கட்டை கீழ பாயும். அந்தப் பாய்ச்சல்தான் சக்கரத்தைச் சுத்துது. அப்புறம் மேல வந்து புகையை வெளிய தள்ளிப்போடும்."

தெய்வாத்தாள் தோட்டத்துப் பக்கம் திரும்பினாள். அவளுடைய அப்பா செங்கோடன் கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவை அவள் ஐயா என்றுதான் கூப்பிடுவாள். எருதுகள் சரிவில் இறங்கினால் தோலால் செய்த சால் தண்ணீரோடு மேலே வரும். எருதுகள் பின்னால் நடந்தால் சால் கிணற்றுக்குள் போகும்.

"அட, எங்க கவலையேதானுங்க!" என்று அவள் கை தட்டினாள். "சால் எறங்கோணும், மொள்ளோணும், ஏறோணும், கொட்டோணும். நாலு வேலை. அதுல மாடு முக்கி இழுக்கறது ஒரு வேலைக்குத்தானுங்க."

"அதே! இங்கயும் நாலுல ஒண்ணுதான் பலம்."

"அப்ப மத்த மூணு வேலை நடக்கறப்போ பஸ் நின்னு போகோணுமல்லங்க?"

"அதுக்குத்தான் நாலு குழாய் வச்சிருக்குது. மாத்தி மாத்தி வெடிக்கும்."

"நாலு கவலை பூட்டுன கெணறு!"

வெங்கடபதி அவளையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். "அஞ்சு வருசமா ஓட்டறேன் அம்மணி. எனக்கே இன்னைக்குத்தான் நல்லாப் புரியுது."

அதற்குள் திருமூர்த்தி பஸ்ஸுக்கு அடியில் படுத்துத் தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, மாட்டைக் காணோம்!"

அந்த வருஷம் ஐப்பசி மாதத்தில் பஸ்ஸுக்கு என்னவோ ஆயிற்று. ஊருக்கு மேற்கே ஒரு மேடு இருந்தது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறும் பஸ் இப்போது பாதியில் முனகிக்கொண்டு நின்றது. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். காலி பஸ் மட்டும் மெதுவாக ஏறும்.

"ஏம்ப்பா, டிக்கெட்டு பஸ்ஸுல போறதுக்கா, பஸ்ஸுக்குத் துணையா நடக்கறதுக்கா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடபதி சிரிக்கவில்லை.

அன்று தண்ணீருக்கு நின்றபோது அவர் பஸ்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"எஞ்சின் ரொம்ப இளைச்சுப்போச்சு அம்மணி. தொறந்து பாக்கோணும்னு மொதலாளிகிட்ட ஒரு மாசமாச் சொல்றேன். ரெண்டு நாள் வண்டி நிக்கோணுமேன்னு அவரு காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு. இப்படியே போனா, எனக்கு ஓட்டத் தெரியலைன்னு என்னைய அனுப்பிப்போடுவாரு."

தெய்வாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. இளைத்துப்போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன கோடையில் அவர்கள் வீட்டுச் செவலை எருது இளைத்து, விலா எலும்பை எண்ணுகிற மாதிரி நின்றது. ஐயா என்ன செய்தார்? புண்ணாக்கை ஊறவைத்து, பருத்திக்கொட்டையை ஆட்டி, தவிட்டைக் கலந்து தினமும் தண்ணீர் காட்டினார். ஒரே மாதத்தில் செவலை பழையபடி கவலை இழுத்தது.

பஸ்ஸுக்கு வெறும் தண்ணீரை மட்டும் காட்டினால் எப்படித் தேறும்?

திங்கட்கிழமை காலையில் அவள் புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் தவிட்டையும் கரைத்தாள். பழைய துணியில் வடிகட்டினாள்.

"எதுக்கு வடிகட்டறே?" என்றான் திருமூர்த்தி.

"பஸ்ஸுக்குப் பல்லு இல்லையல்ல."

அது சரியென்றுதான் அவனுக்கும் பட்டது.

வெங்கடபதியிடம் சொல்லவில்லை. சொன்னால், மாட்டுத் தீவனத்தை எதற்கு எடுத்தாய் என்று வேண்டாமென்பார். பஸ் கொழுத்து மேடு ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவர் வாசலில் நின்று அவளுடைய அம்மா ராசாத்தாள் கொடுத்த மோரைக் குடிக்கும் நேரத்தில், தெய்வாத்தாள் முன்பக்கக் கம்பியில் ஏறி நின்று குடத்தைச் சாய்த்தாள். திங்கள் ஒரு குடம். செவ்வாய் ஒரு குடம்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குள் ஒரு வாசம் வந்தது. கம்பங்கூழ் கொதிக்கிற மாதிரி. ஆட்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சி, மடியில் தூக்குப்போசி வைத்திருந்த ஒரு அம்மாளையே பார்த்தார்கள்.

"ஏன் அல்லாரும் என்னையப் பாக்கறீங்க? இதுல புளிச்சோறு!" என்று அந்த அம்மாள் தூக்குப்போசியைத் திறந்தே காட்டிவிட்டார்.

புதன்கிழமை மூன்றாவது குடத்தோடு கிளம்பிய பஸ் மேட்டின் அடிவாரத்தைக்கூடத் தாண்டவில்லை. ரேடியேட்டர் மூடி டமாரென்று பறந்தது. ஆவியும் பழுப்பு நுரையும் பொங்கி வந்தன. வெங்கடபதி அந்த நொடியே எஞ்சினை நிறுத்தினார். ஆட்களை இறக்கிவிட்டு, தெய்வாத்தாளின் ஐயாவிடம் ஓடி வந்தார். ஐயா செவலையையும் அதன் ஜோடியான மயிலை எருதையும் பூட்டிக்கொண்டு போய் பஸ்ஸை இழுத்து வந்தார்.

"இப்பத்தான் வண்டி நல்லா ஓடுது!" என்று யாரோ கத்தினார்கள்.

தெய்வாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். பஸ் பக்கத்தில் வந்ததும் அந்த வாசம் வந்தது. தீய்ந்த கூழின் வாசம். என்ன நடந்ததென்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை முதலாளி அழகிரிசாமி தன் காரில் வந்து இறங்கினார். நேராக ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குழாயைத் திருகினார். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"பாரு! பொட்டுத் தண்ணி இல்ல! தண்ணி ஊத்தாம ஓட்டி எஞ்சினைக் கொன்னு போட்டியே!"

"ஊத்துனேனுங்க மொதலாளி. தெனமும் ஒரு குடம். இங்கதானுங்க."

"ஊத்துன தண்ணி எங்க போச்சு? நீ குடிச்சுப்போட்டியா?"

வெங்கடபதி சுற்றிலும் பார்த்தார். தெய்வாத்தாள் மேல் அவர் கண் நின்றது.

"நீயே சொல்லு அம்மணி. தண்ணி ஊத்துனோமா இல்லியா?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியின் முகம் சிவந்திருந்தது.

"ஊத்துனோமுங்க," என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. எதைக் கலந்து ஊற்றினாள் என்பது வரவில்லை.

"கொழந்தையச் சாட்சிக்குக் கூப்படறான்!" என்றார் முதலாளி. "கைப்பிடியை வச்சுப்போட்டுக் கெளம்பு. உனக்கு இங்க வேலை இல்ல. சனிக்கிழமை நான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துக்கறேன்."

வெங்கடபதி இரும்புக் கைப்பிடியைத் துடைத்து, டிரைவர் ஆசனத்தின் மேல் வைத்தார். போகும்போது தெய்வாத்தாள் முன்னால் நின்றார்.

"நீ ஒருத்தியாச்சும் சொன்னியே. நல்லா இருப்பே கண்ணு."

கோயம்புத்தூர் ரோட்டில் அவர் நடந்து போனார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தூரமும் இல்லாமல் போயிற்று.

அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெங்கடபதி திட்டியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். "நல்லா இருப்பே கண்ணு" என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பஸ்ஸுக்கு அடியில் புகுந்தாள். முதலாளி திருகிய குழாய்க்குள் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குடைந்தாள். பொதபொதவென்று கெட்டியாக ஏதோ விழுந்தது.

"அக்கா! பஸ்ஸு கூழு குடிச்சிருக்குது!" என்று கூவினான் திருமூர்த்தி.

அவள் எழுந்து நேராகத் தோட்டத்துக்குப் போனாள். "ஐயா, நான் ஒண்ணு சொல்லோணும்," என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். ஐயா எருதுகளை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாம் சாமி," என்றார் கடைசியில்.

"ஆமாங்கய்யா."

"நாளைக்கு மொதலாளி வாரப்போ ஆரு சொல்றது?"

"நானே சொல்றனுங்க. அதுக்குள்ள அந்தத் தொட்டியைக் கழுவிப்போடறேன்."

"எப்படிக் கழுவுவே?"

"கூழ் அடிப்புடிச்ச சட்டிய அம்மா எப்படிக் கழுவுது? சாம்பல் கரைச்ச சுடுதண்ணியில ஊறவச்சுத்தான?"

ஐயா எருதுகளை அவிழ்த்துவிட்டார். பிறகு தண்ணீர் காய்ச்சும் பெரிய கொப்பரையை எடுக்கப் போனார்.

அடுப்புச் சாம்பலைக் கரைத்து, தெளியவைத்து, துணியில் வடித்து, கொதிக்கவைத்து ஊற்றினார்கள். ஊறவிட்டுத் திறந்தார்கள். பழுப்பாகக் கொழகொழவென்று வந்தது. மறுபடி ஊற்றினார்கள். ஏழாவது தடவை கலங்கலாக வந்தது. பதினோராவது தடவை கிணற்றுத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவே வந்தது.

சனிக்கிழமை முதலாளி மெக்கானிக் ராமுலுவோடு வந்தார். முதலாளி காரிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் தெய்வாத்தாள் முன்னால் போய் நின்றாள். ஐயா ஓர் அடி பின்னால் நின்றார்.

"வெங்கடபதி அண்ணன் மேல தப்பு இல்லீங்க. நான்தான் பஸ்ஸுக்குத் தீனி போட்டேன்."

"என்னது?"

"தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. மூணு நாளுங்க. அண்ணனுக்குத் தெரியாதுங்க."

ராமுலு வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆரு உன்னையச் செய்யச் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க. எஞ்சின் இளைச்சுப்போச்சுன்னு அண்ணன் சொன்னாருங்க. இளைச்சாத் தீனி போடோணுமல்லங்க?"

ராமுலு திரும்பினார். இப்போது அவரும் சிரிக்கவில்லை. "அம்மணி, இளைக்கறதுல ரெண்டு இருக்குது. உடம்பு மெலிஞ்சாலும் இளைப்புத்தான். மேடு ஏறினா மேல்மூச்சு வாங்குதே, அதுவும் இளைப்புத்தான். உங்க அண்ணன் சொன்னது ரெண்டாவது இளைப்பு."

அவர் எஞ்சினின் தலைமூடியைக் கழற்றினார். நாலு குழாய்களின் உச்சியிலும், பிஸ்டன்களின் தலையிலும், தோசைக்கல்லின் அடிப்பக்கம்போலக் கரி அப்பியிருந்தது.

"பாத்தீங்களா மொதலாளி? காத்து வந்து போற வழியெல்லாம் கரி. அந்த வழியை மூடற இந்தக் கதவு ஒண்ணும் இறுக்கமா மூடல. அமுக்கற நேரத்துல காத்துக் கசிஞ்சு போகுது. நல்லா அமுக்காட்டி நல்லா வெடிக்காது. மேட்டுல எங்கிருந்து பலம் வரும்? இது பசி இல்லீங்க, மூச்சுத் திணறல்."

"அப்ப பெட்ரோல் எச்சா உட்டாப் பலம் வருமுங்களா?" என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

"காத்துப் பத்தாம பெட்ரோலை மட்டும் ஊத்துனா, அது இன்னும் கரியாத்தான் ஆகும்."

மதியம் வரை ராமுலு கரியைச் சுரண்டினார். காற்று வரும் கதவுகளையும் போகும் கதவுகளையும் மாவுபோன்ற ஒரு பசையைத் தடவித் தேய்த்துத் தேய்த்து, இடைவெளி இல்லாமல் பொருந்தவைத்தார். பொறி விடும் பிளக்குகளைக் கம்பிப் பிரஷ்ஷால் துலக்கினார். பொறி தாவும் இடைவெளி அகன்று போயிருந்தது. அதை நகக் கனத்துக்குச் சரிசெய்தார். கடைசியில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முனகல் இல்லை. சீரான சத்தம்.

"கொதிச்ச உடனே நிறுத்திருக்கான். அதனாலதான் எஞ்சின் பொழைச்சுது," என்றார் ராமுலு. "வேற ஆளா இருந்தா இன்னேரம் உள்ள உருகிக் கட்டியாயிருக்கும்."

முதலாளி வெகுநேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "ஒரு மாசமாச் சொன்னான்," என்றார் தனக்குத்தானே. பிறகு ராமுலுவிடம், "என் கார்ல போயி அவனைக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு," என்றார்.

தெய்வாத்தாள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கார் திரும்பி வந்தது. ராமுலு மட்டும் இறங்கினார்.

"நேத்துக் காலையிலயே கோயம்புத்தூர் ரூமைக் காலி பண்ணிப்போட்டானுங்க. சத்தியமங்கலத்துல லாரி வேலைன்னு ஆரோ கூப்பிட்டாங்களாம், போயிட்டானாம்."

நேற்றுக் காலையில். அதற்கு முந்தின நாள் அவள் முழுவதையும் சொல்லியிருந்தால், அவர் அந்த ஊரைவிட்டே போயிருக்க வேண்டியதில்லை. அதை யாரும் அவளிடம் சொல்லிக்காட்டவில்லை. அவளுக்கே கணக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி அவள் சாப்பிட்டாள். ஆனால் எதைச் சாப்பிட்டோம் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்.

"வெங்கடபதி அண்ணாவுக்கு. அன்னைக்கு நான் சொன்னது பாதிதானுங்க. தண்ணி ஊத்துனது நெசம். அதுல தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கலந்ததும் நெசம். உங்க வேலை போனது என்னாலதானுங்க. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆயிப்போச்சு. மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன். எஞ்சினுக்குள்ள கரி இருந்துச்சு. நீங்க சொன்னதுதானுங்க சரி."

பஸ்ஸுக்கு வந்த புது டிரைவரிடம் அதைக் கொடுத்தாள். அவர் கோயம்புத்தூரில் சத்தியமங்கலம் பஸ் டிரைவரிடம் கொடுத்தார். அவர் அங்கே ஒரு லாரி டிரைவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போயிற்றென்று தெரியவில்லை.

மார்கழி போய்த் தை பிறந்தது. ஒரு நாள் தபால்காரர் வாசலில் நின்று, "தெய்வாத்தாள்ங்கறது ஆருங்க? கார்டு வந்திருக்குது!" என்று கூப்பிட்டார். அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

"அம்மணிக்கு வெங்கடபதி சொல்லி எழுதியது. உன் கடுதாசி வந்து சேர்ந்தது. ஒருத்தர் படித்துக் காட்டினார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பருத்திக்கொட்டை என்று படித்தபோது சிரித்துவிட்டேன். முதலாளியும் ஆள் அனுப்பினார். இங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் வர முடியாது. திம்பம் மலையில் லாரி ஓட்டுகிறேன். வளைவில் நிறுத்தினால் குரங்கு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. ஒன்றை மட்டும் எழுது. நம் வண்டி இப்போது மேடு ஏறுகிறதா?"

தெய்வாத்தாள் அதை நாலு தடவை படித்தாள். திருமூர்த்திக்குக் குரங்கு வரும் இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

வண்டி ஏறுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஊரே சொன்னது. ஆனாலும் ஊர் சொன்னதை எழுத அவளுக்கு இஷ்டமில்லை. மறுநாள் காலை தம்பியைக் கூட்டிக்கொண்டு மேட்டு உச்சிக்குப் போய் நின்றாள்.

பஸ் அடிவாரத்துக்கு வந்தது. பழக்க தோஷத்தில் ஒரு பெரியவர் இறங்குவதற்கு எழுந்து நின்றார். "உக்காருங்க, உக்காருங்க," என்று எல்லோரும் அவரை இழுத்து உட்காரவைத்தார்கள். பஸ் ஏறியது. தெய்வாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தலைகளை எண்ணினாள். பஸ் அவளைக் கடந்து கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கிப் புழுதியில் மறையும் வரை பார்த்தாள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து எழுதினாள்.

"ஏறுதுங்க அண்ணா. இருபத்திரண்டு ஆள். ஒருத்தரும் இறங்கல. உச்சிக்கு வாரப்போ மட்டும் ஒருக்கா முக்குச்சு. அதையும் சொல்லிப்போடறனுங்க."